பல்லியும் ரஷ்ய மணியும்

ஜி.ஆர்.இ. தேர்வுக்காகச் சொல் மனப்பாடம் செய்தவர்கள் ‘பேலிட்’ என்ற சொல்லைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். வெளிறிய என்று பொருள். எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘பல்லிட்’. டியூப் லைட் பக்கத்தில் இரத்தமே இல்லாததுபோல ஒட்டியிருக்கும் பல்லியை நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான், சொல் தங்கிவிட்டது. இது டியூஷன் வாத்தியார்களின் சரக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் இதற்கு ஓர் ஆய்வுக்கூட வரலாறு இருக்கிறது.

1975-இல் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் அட்கின்சனும் மைக்கேல் ராவும், ரஷ்ய மொழியே தெரியாத மாணவர்களை உட்காரவைத்து மூன்று நாளில் 120 ரஷ்யச் சொற்களைக் கற்பித்தார்கள். ஹெட்ஃபோனில் சொல் ஒலிக்கும். கணினித் திரையில் அதன் பொருள் வரும். ஒரு குழுவுக்கு மட்டும் அதே ஒலியுள்ள ஓர் ஆங்கிலச் சொல்லும் கூடவே வரும். மணிக்கு ரஷ்ய மொழியில் ‘ஸ்வனோக்’. அதன் கடைசி ஒலி ‘ஓக்’. ஆகவே கொட்டைகளுக்குப் பதில் பித்தளை மணிகள் தொங்கும் ஓக் மரத்தை மனதில் வரைந்துகொள்ள வேண்டும். முதலில் ஒலி, பிறகு படம். இரண்டே கொக்கி.

மறுநாள் தேர்வில் இந்தக் குழு 72 விழுக்காடு சொற்களுக்குப் பொருள் சொன்னது, மற்றது 46. ஆறு வாரம் கழித்து அதே கணக்கு 43க்கு 28. நண்பர்கள் முதல் எண்ணை மட்டும்தான் பேசுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். வித்தை தெரிந்தவர்களும் பாதிக்கு மேல் தொலைத்திருக்கிறார்கள். தவிர, சொல்லைக் கேட்டால் பொருள் வருகிறது என்பதை மட்டுமே இந்த எண்கள் காட்டுகின்றன. அதைச் சரியான இடத்தில் எடுத்துப் பேச வருமா என்பது வேறு விஷயம். மரபுத்தொடரில் இன்னும் வம்பு. வாளியை உதைப்பதைக் கண் முன்னால் கொண்டுவந்துவிடலாம், அதில் சாவு எங்கே தெரிகிறது?

இதே அட்கின்சன் பின்னால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 2001-இல் ஒரு தனியார் பள்ளி அனுபவத்தை மேடையில் சொன்னார். அங்கே 12 வயதுப் பிள்ளைகள் எஸ்.ஏ.டி.க்காக, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் இணை என்று நீண்ட பட்டியல்களைப் படித்துக்கொண்டிருந்தார்களாம். மாணவர் சேர்க்கைக்கு அந்தத் தேர்வே வேண்டாம் என்று பரிந்துரைத்தார். சொற்களை மூளையில் ஏற்றும் குறுக்குவழியை அளந்து காட்டியவரே அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பிடித்த இடம். பட்டியலும் பயிற்சியும் காசு உள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதலில் கிடைக்கும் என்பது நம் ஊர்த் தாமான்களில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2005-இல் எஸ்.ஏ.டி. அந்த இணைச்சொல் கேள்விகளைக் கைவிட்டது. 2011-இல் ஜி.ஆர்.இ.யும் அவற்றோடு எதிர்ச்சொல் கேள்விகளையும் தூக்கிவிட்டது. இப்போது சொல்லை வாக்கியத்துக்குள் வைத்துத்தான் கேட்கிறார்கள். பட்டியல் புத்தகங்கள் மட்டும் இன்னும் விற்கின்றன. நானும் ஒன்று வாங்கினேன்.