தருமபுரி மாவட்டம்: பொதுநிதியும் பசுமை முதலீடும்

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிந்த தருமபுரி, தமிழ்நாட்டின் வட்டார ஏற்றத்தாழ்வு பற்றிய பேச்சில் தவறாமல் இடம்பெறும் மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 15,06,843. எழுத்தறிவு 68.5 விழுக்காடு, மாநிலத்திலேயே இதுதான் குறைவு. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் கிராமவாசிகள். கேழ்வரகு, சாமை, தக்காளி, மா, புளி என மானாவாரியையும் கிணற்றையும் நம்பிய வேளாண்மை. மழை பொய்த்தால் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பேருந்து ஏற வேண்டியதுதான். 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி இதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது ஓசூரின் சிப்காட் தொழிற்பேட்டைகளும் அதனுடன் போய்விட்டன.

பின்தங்கிய பகுதிகளுக்கான மத்தியத் திட்டங்களில் இரண்டு இந்த மாவட்டத்தை எட்டவில்லை. 2006-07இல் தொடங்கிய பிற்பட்ட பகுதிகள் மானிய நிதிக்குத் தமிழ்நாட்டில் திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு மாவட்டங்கள் தேர்வாயின. 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்கள் என அறிவிக்கப்பட்டவை விருதுநகரும் இராமநாதபுரமும். எழுத்தறிவில் கடைசியில் நிற்கும் மாவட்டம் இரண்டு பட்டியலிலும் இல்லை என்பது, எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுவதைக் காட்டுகிறது. மாநில அரசு 2012-13இல் அறிவித்த மாநில சமச்சீர் வளர்ச்சி நிதி, மாவட்டத்தை விட்டு ஊராட்சி ஒன்றியத்தை அலகாகக் கொண்டது. தருமபுரி நகரையும் பென்னாகரத்து மலையடிவாரத்தையும் ஒரே சராசரியில் அடக்காத இந்த முறையே பொருத்தமானது.

மாவட்டத்துக்கு வந்த பெரிய முதலீடுகளில் ஒன்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளுரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம். இங்குள்ள பாறையடி நீரில் ஃபுளூரைடு இயற்கையிலேயே மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது கலந்த நீரைக் குழந்தைப் பருவத்தில் ஆண்டுக்கணக்கில் குடித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும். அளவு கூடக்கூட மூட்டுகள் இறுகி எலும்பு வளையும். கொதிக்க வைத்தாலும் ஃபுளூரைடு போகாது. கிணறு வற்றி ஆழ்துளை போட்ட ஊர்களில் சிக்கல் பெருகியது. பக்கத்திலேயே காவிரி ஓடியும் அந்த நீரை எடுக்கக் கர்நாடகத்துடன் உடன்பாடு வேண்டியிருந்தது. 1998இல், குடிநீருக்காக 1.4 டி.எம்.சி. எடுத்துக்கொள்ள வழி பிறந்தது.

2008 பிப்ரவரியில் முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். அடுத்த மாதம் திட்டத்துக்கான ஜப்பான் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பால் ஏப்ரலில் பணி சிறிது காலம் தள்ளிவைக்கப்பட்டது. தொடக்கத்தில் 1,334 கோடி ரூபாயாக இருந்த மதிப்பீடு 1,928 கோடியாக உயர்ந்தது. 2013 மே 29 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா காணொளி வழியாகத் தொடங்கிவைத்தார். இத்தகைய வெளிநாட்டுக் கடனை வாங்குவது மத்திய அரசு. திருப்பிக் கட்டும் பொறுப்பு, யென் மதிப்பின் ஏற்ற இறக்கம் உட்பட, மாநிலத்தின் தலையில். குறைந்த வட்டி, நீண்ட தவணை என்பதால் இது தாங்கக்கூடிய சுமைதான்.

மாவட்டம் பிரிந்தாலும் குழாய் பிரியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் நகரங்களுக்கும் இரு மாவட்டப் பேரூராட்சிகள், கிராமங்களுக்கும் இதே நீர்தான். ஆற்றுமட்டத்திலிருந்து ஓசூர் மேட்டுக்கு ஏறத்தாழ 600 மீட்டர் ஏற்ற வேண்டும் என்பதால் மின்கட்டணம் ஓயாத செலவு. கட்டுமானத்துக்குக் கடன் கிடைக்கும், பராமரிப்புக்குக் கிடைக்காது. ஆற்றுநீர் போதாமல் ஊராட்சித் தொட்டியில் ஆழ்துளை நீரைக் கலந்து விடும் ஊர்களில் திட்டத்தின் நோக்கமே அடிபட்டுப்போகிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு முதலில் 4,500 கோடியை ஒட்டியிருந்தது. பின்னர் 7,000 கோடியைத் தாண்டியது.

சிறிய தொகையில் நடந்தாலும் கவனிக்கத்தக்கது கேழ்வரகுக் கொள்முதல். 2022-23இல் அரசு குவிண்டாலுக்கு 3,578 ரூபாய் ஆதரவு விலையில் இங்குள்ள உழவர்களிடம் நேரடியாக வாங்கத் தொடங்கியது. 2023 மே மாதம் முதல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் முன்னோட்டத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தண்ணீர் அதிகம் கேட்காத பயிருக்கு நிச்சயமான சந்தையை அரசே உருவாக்குவதும் பசுமை முதலீடுதான், சூரியத் தகடும் காற்றாலையும் இல்லாவிட்டாலும்.

காட்டு வளம் பெற்ற மாவட்டம் இது. 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு காவேரி தெற்கு காட்டுயிர் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. யானைகள் நடமாடும் இக்காடு தரும் நீர்ப்பிடிப்புப் பயன் எந்த நிதிப் பங்கீட்டிலும் இந்த மாவட்டத்தின் கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்படுவதில்லை.

தொழில் துறையில், நல்லம்பள்ளி வட்டம் அதியமான்கோட்டை, தடங்கம் பகுதியில் ஏறத்தாழ 1,700 ஏக்கரில் சிப்காட் பூங்கா திட்டமிடப்பட்டது. மின்வாகன உற்பத்தியை ஈர்ப்பது இதன் நோக்கம். ஆனால் அத்துறையின் ஓலா மின்ஸ்கூட்டர் ஆலை ஏற்கெனவே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமைந்துவிட்டது.