குறிகளுக்கும் பெயர் உண்டு

நம் முன்னோர் ஓலையில் எழுதிய செய்யுட்களில் இன்றைய நிறுத்தக் குறிகள் இல்லை. ஐரோப்பியரின் அச்சுக் கலையோடு வந்த அவற்றை, ஆறுமுக நாவலர் (1822–1879) தம் உரைநடையில் முறையாகக் கையாண்டார். தமிழர் அவற்றுக்குக் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி எனப் பெயரிட்டனர். வாசிப்போர் எவ்வளவு நேரம் நிறுத்தவேண்டும் என்பதைப் படிகொண்டு அளப்பதுபோல் இப்பெயர்கள் அளந்து சொல்லுகின்றன.

மலையாள இலக்கண ஆசிரியர் ஏ. ஆர். ராஜராஜவர்மா (1863–1918) வேறு வழி சென்றார். காற்புள்ளியை அங்குசம் என்றும், அரைப்புள்ளியை ரோதினி என்றும், முக்காற்புள்ளியைப் பித்திகை என்றும் அழைத்தார். முதலாவது யானைப் பாகனின் தோட்டி, அடுத்தது தடுப்பது, மூன்றாவது சுவர். கால், அரை, முக்கால் ஆகிய சொற்கள் மலையாளத்திலும் வழங்குபவையே. ஆயினும் அவர் குறிகளுக்கு அவற்றை இடவில்லை என்பது நோக்கத்தக்கது.

இவ்விரு வழக்குகளும் எதிர்ப்படும் நிலம், பாலக்காட்டுச் சித்தூரும் இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு பகுதிகளுமாகும். 1956 நவம்பர் முதல் நாள் கேரளம் அமைந்தபோது இவை அதனுள் அடங்கின. அங்கு வாழும் தமிழர் தம் மொழியிலேயே மாநில அரசுக்கு எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் கூறுகிறது. தமிழ்வழிப் பள்ளிகளும் அங்குண்டு.

இன்று அப்பள்ளிப் பிள்ளைகள் கணிப்பொறிக்கு நிரல் எழுதவும் பழகுகின்றனர். 1972இல் உருவான 'சி' மொழியில் கட்டளை அரைப்புள்ளியால் முடியும். 1991இல் வெளிவந்த 'பைத்தான்' மொழியில் நிபந்தனை வரியின் இறுதியில் முக்காற்புள்ளி வேண்டும். இங்கே குறி, மூச்சு நிறுத்தத்தை அளப்பதன்று. அது தவறினால் நிரல் இயங்காது. 'செமிகோலன்' என்று ஆசிரியர் சொல்லும்போது முதற்பகுதி காதில் விழாவிட்டால், பிள்ளை 'கோலன்' இடும். அரைப்புள்ளி, முக்காற்புள்ளி என்றால் அம்மயக்கம் குறையும். பார்வையற்ற மாணவருக்கோ, திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் குரலே கண். குறியின் பெயரே அவருக்குக் குறி.

ஆகவே, பிற மாநிலங்களில் வாழும் நாம் நம் பிள்ளைகளுக்கு வகுப்பறைப் பெயரோடு தமிழ்ப் பெயரையும், அண்டை மொழியின் பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போமாக. ஒரு குறிக்கு மூன்று பெயர் அறிவது சுமையன்று. எவர் வாயிலிருந்து வந்தாலும் அதனை இனங்காணும் செவிச் செல்வமாகும்.