பங்கும் பாரமும்

தமிழில் 'பங்கு' என்னும் சொல் சிறியது. அது சுமக்கும் பொருளோ பெரியது. உடன்பிறந்தோர் பிரித்துக்கொள்ளும் பாகமும் பங்கு. கூட்டு வணிகத்தில் ஒருவர் இட்ட முதலும் பங்கு. கத்தோலிக்கராகிய நமக்கோ ஒரு குருவின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட இறைமக்களின் சமூகமே பங்கு. பெறும் உரிமையும் ஏற்கும் கடமையும் இச்சொல்லுக்குள் ஒருசேரக் குடியிருக்கின்றன.

இன்று ஆகாய விமானத்தையும் பங்கு போட்டு வாங்குகின்றனர். செல்வர் பலர் சேர்ந்து ஒரு சிறு ஜெட் விமானத்தைத் தமது உடைமையாக்கிக்கொள்ளும் இம்முறை இருபதாம் நூற்றாண்டின் புதுமையாகப் பேசப்படுகிறது. ஆயின் ஒரு பொருளைத் துண்டாக்காமலே பங்காக்கி ஆளும் வழியை நம் தஞ்சைத் தரணியின் சிற்றூர்கள் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்பே அறிந்திருந்தன. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று தெளிவாகும்.

கரையீடு

1799-ஆம் ஆண்டில் இரண்டாம் சரபோஜி மன்னரிடமிருந்து தஞ்சை நாட்டின் ஆட்சி ஆங்கிலேயக் கும்பினியாரின் கைக்கு வந்தது. நிலவரி வாங்க முற்பட்ட அதிகாரிகள், இங்கு நிலம் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்விக்கு நேரான விடை காண இயலாது திகைத்தனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட கணக்கின்படி ஏறக்குறைய 5,800 ஊர்கள். அவற்றில் 62,000 அளவிலான மிராசுதாரர்கள். ஓர் ஊர் முழுவதும் ஒருவருக்கே உரியதாயின் அது ஏகபோகக் கிராமம். வயல்கள் நிலையாகப் பிரிக்கப்பட்டு அவரவர் பெயரில் நின்றால் அது அறுதிக்கரை. இவ்விரண்டிலும் அடங்காமல், நிலம் முழுவதையும் பொதுவில் வைத்திருந்த ஊர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்டு இருந்தன. இவை சமுதாயக் கிராமங்கள்.

சமுதாயக் கிராமத்தில் ஒருவரிடம் இருந்தது வயல் அன்று, பங்கு. ஊர் இத்தனை பங்கு என்று முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். ஒருவர் ஒரு பங்கோ அரைப் பங்கோ கால் பங்கோ உடையவராயிருப்பார். அப்பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம், மக்களுக்குப் பிரித்தும் கொடுக்கலாம். ஆனால் எந்த வயலை உழுவது என்பது குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை நடக்கும் கரையீட்டில் முடிவாகும். ஊர் நிலம் கரை கரையாக வகுக்கப்பட்டுச் சீட்டுப் போடப்படும். இன்று தலைமடையில் உழுதவர் அடுத்த முறை கடைமடைக்குப் போகலாம்.

இதன் நியாயத்தை ஆற்றுப்பாசனம் அறிந்த எவரும் உடனே உணர்வர். தலைமடை வயலுக்குக் காவிரி நீர் முதலில் பாயும். கடைமடைக்கு அது வந்து சேருவதற்குள் நாற்று வாடிவிடும். நல்ல வயல் என்றும் ஒருவருக்கே, மேட்டு வயல் என்றும் மற்றவருக்கே என்றிருந்தால் ஊர் ஒன்றாக நிற்காது. ஆகவே மண்ணின் ஏற்றத்தாழ்வைச் சுழற்சியால் சமன் செய்தனர். வாய்க்காலைத் தூர் வாருவதும் கரையைக் கட்டுவதும் குடிமராமத்து என்னும் பெயரில் ஊரின் பொதுப் பாரமாயின.

வானத்தில் பங்கு

இனி ஜெட் விமானத்துக்கு வருவோம். 1964-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் தனியார் ஜெட் விமானங்களை வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்று தோன்றியது. கணிதம் பயின்ற ரிச்சர்டு சான்டுல்லி என்பவர் 1984-இல் அதை வாங்கினார். சொந்த விமானம் வைத்திருப்போர் பலர் ஆண்டில் சில நாட்களே அதைப் பயன்படுத்துகின்றனர். எஞ்சிய நாட்களிலும் விமானி ஊதியம், நிறுத்தக் கட்டணம், காப்பீடு ஆகிய செலவுகள் ஓய்வதில்லை. இதற்கு மாற்றாக அவர் 1986-இல் தொடங்கிய பங்குத் திட்டமே நெட்ஜெட்ஸ். 1998-இல் வாரன் பபெட்டின் பெர்க்ஷயர் ஹாதவே அந்நிறுவனத்தை வாங்கியது.

இத்திட்டத்தில் பதினாறில் ஒரு பங்கு வாங்குபவர் பொதுவாக ஆண்டுக்கு 50 மணி நேரம் பறக்க உரிமை பெறுகிறார். அவர் செலுத்துவன மூன்று: பங்கின் விலை, மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம், பறக்கும் மணிக்கு இவ்வளவு என்னும் கட்டணம். சில மணி நேரம் முன்னதாகச் சொன்னால் விமானம் வந்து நிற்கும். வருவது அவர் பங்கு வைத்திருக்கும் அதே விமானமாக இருக்க வேண்டியதில்லை. அதே வகையைச் சேர்ந்த வேறொன்றாகவும் இருக்கலாம். பங்குதாரர் அனைவரும் தத்தம் விமானங்களை ஒருவர்க்கொருவர் மாற்றிக்கொள்ள உடன்பட்டிருக்கின்றனர். உரிமை எண்ணாக நிலைக்க, பொருள் சுழன்று வருகிறது. பெயரும் ஊரும் வேறாயினும் இது கரையீட்டின் தத்துவமே அன்றோ!

ஆயினும் பலர் சேர்ந்து ஒரு பொருளை ஆளும்போது பொறுப்பு யாருடையது என்னும் கேள்வி எழாமல் இராது. அமெரிக்க அரசு 2003-இல் இதற்கெனத் தனி விதிகளை வகுத்தது. தமக்காக விமானம் பறக்கும் வேளையில் அதன் பாதுகாப்புக்குப் பங்குதாரரும் பொறுப்பாளியே என்றும், அதை அவர் அறிந்துகொண்டதாகக் கையொப்பமிட வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. பயணி என்று சொல்லி அவர் ஒதுங்கிவிட இயலாது.

பறவைகள் போய்ச் சேரும் பாலை

ஒற்றுமை இவ்வளவு இருந்தும் அடிப்படையான வேற்றுமை ஒன்று உண்டு. வயலுக்கு முதுமை இல்லை, விமானத்துக்கு உண்டு. பங்கு ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்தாண்டு அளவில் முடிகிறது. அன்றைய சந்தை விலைக்குப் பங்கை நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உடையவர் விலகிவிடலாம். விமானமோ முப்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் பறக்கக் கூடியது. அது பழையதானதும் வேறொருவருக்கு விற்கப்படும். அவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். அதன் இறுதி நாளில் அருகில் நிற்பவர் முதற் பங்குதாரர்களில் ஒருவராயிருப்பது அரிது.

ஓய்வு பெற்ற விமானங்கள் போய்ச் சேருமிடம் பெரும்பாலும் பாலைநிலம். அமெரிக்காவின் அரிசோனாவில் டூசன் நகரத்து விமானப்படைத் தளத்தில் 1946 முதல் படை விமானங்கள் ஆயிரக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டு வருகின்றன. கலிபோர்னியாவின் மொகாவி, ஸ்பெயின் நாட்டின் தெருவேல், ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆகிய இடங்களிலும் பயணிகள் விமானங்கள் அணிவகுத்து நிற்கின்றன. ஈரமற்ற காற்றில் உலோகம் எளிதில் துருவேறுவதில்லை. அரிசோனாவின் இறுகிய தரையோ தளம் போடாமலே பெரும் எடையைத் தாங்கும்.

நம் டெல்டாவின் இயல்பு இதற்கு நேர் எதிர். ஈரக் காற்றும் வண்டல் மண்ணும் நெல்லுக்கு வாழ்வு. விமானத்துக்கு அவை நோய். தஞ்சையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. 2013-இல் அது விமானப்படைத் தளமாகப் புத்துயிர் பெற்றது. 2020 ஜனவரியில் சுகோய் போர் விமான அணி ஒன்று அங்கு நிலைகொண்டது. நாற்று நடுவோரின் தலைக்கு மேல் அவை இரைந்து செல்கின்றன. எனினும் முதிய விமானம் துயில்கொள்ளும் இடம் இதுவன்று.

பாலையில் நிற்கும் விமானத்திலிருந்து முதலில் கழற்றப்படுவது எஞ்சின். எஞ்சிய மதிப்பில் பெரும்பகுதி அதில்தான் உள்ளது. பின்னர்ச் சக்கரத் தொகுதியும் கருவிகளும் எடுக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டு வேறு விமானங்களுக்குப் பயன்படுகின்றன. மீந்த கூட்டை வெட்டி அலுமினியத்தை உருக்குகின்றனர். இழைக்கலவையால் ஆன பாகங்களை மீட்பது இன்னும் கடினமாகவே உள்ளது.

எல்லா விமானத்துக்கும் இந்த ஒழுங்கான முடிவு கிட்டுவதில்லை. கொல்கத்தா விமான நிலையத்தில் ஏர் இந்தியாவுக்குரிய போயிங் 737 விமானம் ஒன்று 2012 முதல் பதின்மூன்று ஆண்டுகள் கேட்பாரற்று நின்றது. பயணிகளைச் சுமந்து, பின்னர் அஞ்சல் மூட்டைகளைச் சுமந்து ஓய்ந்த விமானம் அது. அந்நிறுவனம் 2022-இல் தனியார் வசமானபோது இப்படியொரு விமானம் தமக்கு இருப்பதே உடையவர்களின் நினைவில் இல்லை. விமான நிலையத்தார் அகற்றும்படி கேட்ட பிறகே அவர்கள் அறிந்தனர். 2025 நவம்பரில் அது சாலை வழியாகப் பெங்களூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பறக்கும்போது உரிமை கொண்டாடப் பலர் இருந்தனர். ஓய்ந்தபின் அது யாருடையது என்பதே மறந்துபோயிற்று.

பங்கில்லாதவர்

சமுதாயக் கிராமத்தில் இத்தகைய மறதிக்கு இடம் குறைவு. ஒருவர் பாழாக்கிய வயல் இன்னொரு கரையீட்டில் அவர் மகனுக்கே வந்து சேரக்கூடும். சில ஆண்டில் கைமாறும் வயலுக்கு யார் உரமிடுவர் என்று ஆங்கிலேய அதிகாரிகள் குறை கூறினர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் நில அளவையும் தனிப் பட்டாவும் கரையீட்டைப் பெரும்பாலும் வழக்கொழியச் செய்துவிட்டன.

இதற்காக அப்பழைய ஏற்பாட்டை நாம் பொற்காலம் எனப் போற்றிவிட முடியாது. சீட்டுப் போட்ட இடத்தில் நிற்க உரிமையற்றோர் ஊருக்கு வெளியே சேரியில் வாழ்ந்தனர். உழுதவரும் நட்டவரும் அறுத்தவரும் அவர்களே. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்களாய்க் கட்டுண்டிருந்த அவர்களுக்குப் பங்கு இல்லை; பாரம் மட்டும் இருந்தது. 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை உடைமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னும், 1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவே கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் தீக்கிரையாயினர். உலகம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய இரவு அது. குடியிருக்கும் மனையேனும் ஏழைத் தொழிலாளிக்குச் சொந்தமாக வேண்டும் என்னும் சட்டம் 1971-இல்தான் இயற்றப்பட்டது.

ஆகவே ஒரு பங்கீட்டை எடைபோட நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அந்தப் பொருள் ஓய்ந்து விழும் நாளில் அதை ஏற்கப் பங்காளிகளில் யார் நிற்பார்? அப்பொருளுக்காக உழைத்தும் பங்கில் பெயர் இல்லாதவர் யார்? ஜெட் விமானம் முதல் கேள்வியில் தடுமாறுகிறது; கரையீடு இரண்டாம் கேள்வியில் வீழ்கிறது. நம் நிலம், நம் நீர், நம் இல்லங்களின் முதியோர், நம் பங்குச் சமூகம் ஆகிய எதை நோக்கியும் இவ்விரு கேள்விகளையும் எழுப்பலாம். கடைமடைக்காரரையும் பங்கில்லாதவரையும் நடுவில் அமர்த்தி அவற்றுக்கு விடை தேடும் கடமை நம்முடையது.