களஞ்சியக் கணக்கும் குழந்தையின் கைச்சுற்றளவும்: நைஜர் நெருக்கடி (2005) குறித்து

ஆப்பிரிக்க நாடுகளின் பட்டினியைப் பற்றிய எழுத்துகளில் மழை பொய்ப்பதும் விளைச்சல் வீழ்வதுமே முதற்காரணங்களாகக் கூறப்பட்டு வருகின்றன. சகாராப் பாலைவனத்தின் தென்விளிம்பாகிய சாகேல் வறள்நிலத்தில் அமைந்த நைஜர் நாடு 2005ஆம் ஆண்டில் பட்ட துன்பம் இந்த விளக்கத்துக்குள் அடங்குவதில்லை. 2004இல் மழை முன்னதாகவே நின்றதும், பாலைவன வெட்டுக்கிளிகள் பயிரை அழித்ததும் உண்மையே. ஆயினும் நாட்டின் மொத்தத் தானிய விளைச்சல் முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் குறைந்திருந்தது. அக்குறைவு மட்டுமே பல்லாயிரம் குழந்தைகளைச் சாவின் விளிம்புக்குக் கொண்டு சென்றிருக்க முடியாது.

தானியம் இருந்தும் அது எட்டாமற்போனதற்கான காரணங்களைச் சந்தையில்தான் தேட வேண்டும். அண்டை நாடான நைஜீரியாவின் வாங்குதிறன் நைஜரின் எல்லைச் சந்தைகளிலிருந்து கம்பை ஈர்த்துக்கொண்டது. புர்கினா பாசோவும் மாலியும் தம் தானியம் வெளியே செல்வதற்குத் தடைகள் விதித்தன. மேய்ச்சல் குன்றியதால் கால்நடைகளின் விலை சரிய, ஓர் ஆட்டை விற்று வாங்கக்கூடிய கம்பின் அளவும் சுருங்கியது. இவற்றோடு, அறுவடை முடிந்ததும் கடனை அடைப்பதற்காக மலிவாக விற்ற தானியத்தையே சில மாதங்கள் கழித்து மிகுந்த விலை கொடுத்து வாங்க வேண்டிய சிறு உழவரின் நிலையும் சேர்ந்துகொண்டது. பழைய விளைச்சல் தீர்ந்து புதிய கதிர் முற்றாத சூன் முதல் செப்டம்பர் வரையிலான இடைக்காலத்தைப் பிரெஞ்சு மொழியில் ‘சுதூர்’, அதாவது இரண்டு முனைகளை ஒட்டவைத்தல், என்பர். அவ்வாண்டில் பல குடும்பங்களால் அம்முனைகளை ஒட்டவைக்க இயலவில்லை. உணவு இருப்பதும் அதனைப் பெறும் வழி ஒரு குடும்பத்துக்கு இருப்பதும் வெவ்வேறு என்று அமர்த்தியா சென் 1981இல் முன்வைத்த கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

எனினும் சென்னின் கருத்தோடு மட்டும் நின்றுவிட இயலாது. மருத்துவ முகாம்களில் குழந்தைகள் மிகுதியாக வந்து சேர்ந்த இடங்களுள் முதன்மையானது மராதி; அதுவோ நாட்டின் தானியக் களஞ்சியங்களுள் ஒன்றாகக் கருதப்படும் தென்பகுதி. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு அவ்வாண்டில் நைஜரில் 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்தது. மாலியின் செழிப்பான சிக்காசோ பகுதியிலும் குழந்தைகளின் வளர்ச்சி குன்றியிருப்பதை ஆய்வாளர்கள் ஒரு புதிராகவே பேசி வருகின்றனர். வீட்டில் கம்பு இருந்தாலும், சிறிய வயிறு கொண்ட இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நீர்த்த கம்பங்கூழிலிருந்து போதிய கொழுப்பும் புரதமும் நுண்சத்துகளும் கிட்டுவதில்லை. பாலும் பயறும் வாங்கப் பணம் வேண்டும். மேலும், மழைக்காலத்தில் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பெருகும் அதே மாதங்களில்தான் தாய் நாள்முழுதும் வயலில் உழைக்கிறாள், வீட்டுத் தானியமும் தீர்கிறது. 1930களில் அன்றைய கோல்டு கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்சு ‘குவாசியோர்கர்’ என்று மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்திய நோயின் பெயர், அடுத்த குழந்தை பிறந்ததும் முந்தைய குழந்தையைப் பற்றும் நோய் என்ற பொருள்படும் கா மொழிச் சொல்லாகும். பிள்ளைப்பேறுகளுக்கு இடையிலான காலமும் தாய்ப்பாலும் ஊட்டத்தோடு எவ்வளவு நெருங்கியவை என்பதை அம்மக்களின் மொழி முன்பே அறிந்திருந்தது.

இந்நிலையில் அரசும் கொடையாளர்களும் எதனை அளந்தனர் என்பதே இக்கட்டுரையின் மையக் கேள்வி. எச்சரிக்கை அறிக்கைகள் தானியத்தை டன் கணக்கில் எண்ணின. இலவசமாக வழங்கினால் சந்தை கெடும் என்ற அச்சத்தில், கம்பு குறைந்த விலைக்கு விற்கப்பட்டதேயன்றி, பரவலான இலவச விநியோகம் ஆகசுட்டில்தான் தொடங்கியது. அதற்குள் இடைக்காலத்தின் பாதி கழிந்துவிட்டது. குறைந்த விலையையும் கொடுக்க முடியாதவருக்கு அவ்விற்பனையால் பயன் இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடும் உடல் மெலிவு, அதாவது உயிருக்கு ஆபத்தான அண்மைக்கால ஊட்டக் குறைவு, எனக் கொள்ளப்படுகிறது. இதனை அளக்க ஒரு வண்ண நாடா போதும். களஞ்சியத்தை எண்ணியவர்கள் அந்தக் கையை உரிய காலத்தில் அளந்து, அதன்படி செயற்பட்டிருக்க வேண்டும்.

இவ்வாறு மெலிந்த குழந்தைகளுக்குச் சிகிச்சையளிக்க, நிலக்கடலை, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், நுண்சத்துகள் ஆகியவற்றைக் கலந்து 1990களில் பிரான்சில் உருவாக்கப்பட்ட பசையுணவு, 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி தருவது. நீர் சேர்க்கத் தேவையின்மையால் பெரும்பாலான குழந்தைகளுக்கு வீட்டிலேயே சிகிச்சையளிக்க வழி திறந்தது. 2007இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உள்ளிட்ட ஐ.நா. அமைப்புகள் இம்முறையை ஏற்றன. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் மராதியின் நிலங்கள் ஏற்றுமதிக்காக நிலக்கடலைக்குத் திருப்பப்பட்டதையும், அதே நிலக்கடலை பின்னர் அங்குள்ள குழந்தைகளுக்கு மருந்தாகத் திரும்பியதையும் வரலாறு மறக்கலாகாது. வறுமையைப் பொட்டலத்தால் மறைப்பதாக இம்முறை மீது வைக்கப்படும் குற்றச்சாட்டில் ஒரு பகுதி நியாயம் உண்டு. பசையுணவு சாவைத் தடுக்குமேயன்றி, வயதுக்கேற்ற உயரம் எட்டாத நாட்பட்ட வளர்ச்சிக் குன்றலைப் போக்காது. ஆனால் சாவைத் தடுப்பதைச் சிறு செயலாகக் கருத எவருக்கும் உரிமை இல்லை. 2006இல் நைஜர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவக் கட்டணத்தை நீக்கியது. கொசுவலை, தடுப்பு மருந்து, ஊட்டச் சிகிச்சை ஆகியன பரவின. 1998இல் ஆயிரம் குழந்தைகளில் 226 பேர் ஐந்து வயதுக்குள் இறந்த நாட்டில், 2009இல் அவ்வெண்ணிக்கை 128 ஆகக் குறைந்தது. வளர்ச்சிக் குன்றல் அவ்வளவு குறையவில்லை.

2009இல் விளைச்சல் மீண்டும் பொய்த்தபோது, 2010 பிப்ரவரியில் ஆட்சியைக் கைப்பற்றிய புதிய அரசு நெருக்கடியை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு உதவி கேட்டது. அவ்வாண்டில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கடும் உடல் மெலிவுக்குச் சிகிச்சை பெற்றனர்.