பங்காளியும் பங்கும்

பங்காளி என்ற சொல்லை நம் கிராமத்தார் சற்று அச்சத்தோடுதான் சொல்வார்கள். ஒரே சொத்தில் உரிமையுடையவன் அவன். அதனாலேயே வழக்குக்கும் உரியவன். ஜப்பானியச் சுசுகி கம்பெனி இந்தியாவில் கொண்ட இரண்டு பங்காளி உறவுகளைப் பற்றி மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று, குர்கானில் கார் செய்வதற்காக மத்திய சர்க்காரோடு கொண்டது. மற்றொன்று, நம் ஒசூரில் மோட்டார் சைக்கிள் செய்வதற்காக டி.வி.எஸ். நிறுவனத்தாரோடு கொண்டது. இரண்டும் 1980களின் தொடக்கத்தில் பிறந்தவை. முடிவோ ஒன்றுக்கொன்று நேர்மாறு.

முதலில் அக்காலச் சட்டத்தை நினைவில் கொள்ளவேண்டும். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், பெரும்பாலான தொழில்களில் அந்நியர் பங்கை 40 சதவிகிதத்துக்குள் அடக்கிற்று. அதற்கு உடன்படாத கோகோ-கோலா 1977இலும் ஐ.பி.எம். 1978இலும் இந்நாட்டை விட்டுச் சென்றன. உள்ளே வர விரும்பிய அந்நியன், உள்ளூர்ப் பங்காளி ஒருவனைத் தேடியே தீரவேண்டும். அந்தப் பங்காளி கொண்டுவந்தது என்ன? நிலம், லைசென்சு, டெல்லிக் காரியாலயங்களில் காரியத்தை முடிக்கும் சாமர்த்தியம். தொழில் நுட்பம் அந்நியன் கையில். கதவின் சாவி உள்ளூரான் கையில். பூட்டு இருக்கும்வரைதானே சாவிக்கு மதிப்பு!

1991 ஜூலையில் பூட்டுத் தளர்ந்தது. புதிய தொழிற்கொள்கை, 34 தொழில் வகைகளில் 51 சதவிகிதம்வரை அந்நிய முதலீட்டுக்குத் தானாகவே அனுமதி கிடைக்கச் செய்தது. 40க்கும் 51க்கும் இடையே இருப்பது 11தான். ஆனால் கம்பெனிப் பேரவையில் டைரக்டர்களை நியமிப்பது பெரும்பான்மை வாக்கு. பாதியைத் தாண்டியவனே எஜமானன்.

குர்கானில் நடந்ததைப் பாருங்கள். 1982 ஒப்பந்தத்தில் சுசுகிக்கு மாருதியில் 26 சதவிகிதமே. முதல் கார் 1983 டிசம்பரில் வெளிவந்தது. அப்பங்கு பின்னர் 40 ஆயிற்று. 1992இல் 50 ஆயிற்று. பாதிக்குப் பாதி என்பது பங்காளிச் சண்டைக்கு ஏற்ற கணக்கு. 1997இல் சர்க்கார் தன் விருப்பப்படி நிர்வாக இயக்குநரை நியமிக்க, சுசுகி நீதிமன்றத்துக்கும் சர்வதேச நடுவர் மன்றத்துக்கும் சென்றது; மறு ஆண்டு சமரசம் ஏற்பட்டது. 2002இல் சுசுகியின் பங்கு 54 சதவிகிதத்தைத் தாண்டியது. அந்த அதிகாரத்தை விட்டுக்கொடுத்ததற்காகச் சர்க்கார் 1,000 கோடி ரூபாய் பெற்றது. 2007இல் எஞ்சிய பங்கையும் விற்று விலகியது. சர்க்கார் ஏமாந்தது என்று நான் சொல்லமாட்டேன். மாருதிக்காக உதிரிபாகம் செய்யக் கற்ற தொழிற்சாலைகள் நாட்டில் ஏராளம். ஆயினும் கார் செய்யும் வித்தை இறுதிவரை சுசுகியிடமே இருந்தது.

ஒசூரிலும் சுசுகிக்கு ஏறக்குறைய 26 சதவிகிதமே. ஆனால் அங்கிருந்தவர் ஏற்கெனவே 1980 முதல் மொபெட் செய்தவர்கள். 1984இல் சுசுகி நுட்பத்தில் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. பழகப் பழக, வரைபடம் போடவும் என்ஜின் வகுக்கவும் ஒசூர்ப் பொறியாளர்களே தேர்ந்தனர். 2001இல் இருவரும் பிரிந்தபோது சுசுகியின் பங்குகளை டி.வி.எஸ். குழுவினரே வாங்கிக்கொண்டனர். அதே ஆண்டு, முற்றும் தாங்களே வகுத்த ‘விக்டர்’ வண்டியைச் சந்தைக்கு அனுப்பினர். இவர்கள் கையில் சாவி மட்டும் இருந்திருந்தால், பிரிவு நாளன்று ஆலை வாயிலில் வேறு பெயர்ப்பலகை தொங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

சுசுகி பின்வாங்கிவிடவில்லை. 2006இல் குர்கானில் தன் இருசக்கர வண்டி ஆலையை இயக்கத் தொடங்கியது. சட்டம் அதற்கு இடம் தந்திருந்தது. ஒசூர்க் கம்பெனியோ 2020இல் இங்கிலாந்தின் பழம்பெரும் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் தொழிலை 1 கோடியே 60 லட்சம் பவுனுக்கு விலைக்கு வாங்கியது.