தோட்சேலையும் சமய வாழ்வும்

சமயநெறி வழிபாட்டளவில் அமைவதன்று. உடையிலும் நடையிலும் வெளிப்படுவது. இதற்குத் தென் திருவிதாங்கூர் வரலாறு சான்று பகரும். அங்கு நாடார் மகளிர் மார்பை மறைத்தல் மரபால் தடுக்கப்பட்டிருந்தது. கிறித்தவம் தழுவிய மகளிர் குப்பாயம் அணியத் திவான் மன்றோ காலத்தில் (1811-1814) இசைவு கிட்டியது. அவருட் பலர் அதன்மேல் உயர்குல மகளிர்க்கே உரியதெனப்பட்ட தோட்சேலையும் அணியலாயினர். 1829-ஆம் ஆண்டு அரசாணை குப்பாயத்தை ஏற்றுத் தோட்சேலையை விலக்கியது; எனினும் அவர் அதனைக் கைவிட்டிலர். பூசல்கள் மூண்டன. 1859 சூலை 26-இல் வெளிவந்த அரச அறிக்கை, எச்சமயத்து நாடார் மகளிரும் மார்பை மறைக்கலாம் என்றது. உயர்குலத்தார் அணியும் முறையை மட்டும் மறுத்தது. மானங்காத்தல் ஒன்றே கருத்தாயின் குப்பாயமே அமையும். அவர் வேண்டியது நிகர்மை. இறைவன்முன் மாந்தர் யாவரும் ஒப்பர் எனக் கோயிலிற் கேட்டதை அவர் தெருவில் உடுத்துக் காட்டினர் என்பது இதனாற் பெறப்படும்.