கனகாம்பரம் எந்த ஊர்ப் பூ?



கல்லூரி விழாவுக்குப் பூ வாங்கப் போன இடத்தில் ஒரு சின்ன வாக்குவாதம். கனகாம்பரம் எந்த ஊர்ப் பூ? "இதுகூடத் தெரியாதா? பேர்லயே இருக்குதே, டெல்லிக் கனகாம்பரம்னு!" என்றாள் தோழி. பூக்காரம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு மட்டும் எங்கள் அம்மாயி வீட்டுப் பொடக்காளி ஞாபகம் வந்தது. (பொடக்காளி என்றால் வீட்டுக் கொல்லைப்புறம். சங்ககிரிப் பக்கம் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) அங்கே தென்னை நிழலில், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில், யாரும் நடாமலே கனகாம்பரம் முளைத்துக் கிடக்கும். டெல்லியிலிருந்து வந்த பூ இப்படியா முளைக்கும்? அன்றைக்குத் தேட ஆரம்பித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. வணிகவியல் படிக்கிறவளுக்குப் பூவின் வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். கடைசியில் கணக்கும் வரும்.

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். கனகாம்பரம் நம் ஊர்ப் பூதான். தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகத்தில் அடங்கும். அது காட்டுச் செடி. பெரிய மரங்களுக்கு அடியில், இலைகளுக்கு நடுவே சிந்துகிற அரை வெயிலை வைத்துக்கொண்டு வாழப் பழகியது. ஒரு பருவத்தோடு செத்துப் போகாமல் பல வருடம் நிற்கும். தென்னைக்கும் முருங்கைக்கும் கீழே, மற்ற பூச்செடிகள் முகம் சுளிக்கிற இடத்திலும் அது பூப்பதற்குக் காரணம் இந்தக் காட்டுப் பழக்கம்தான். ஆனால் ஒரேயடியாக இருட்டாக இருந்தால் இலைதான் வரும், பூ குறைந்துவிடும்.

காட்டுச் செடி எப்போது வீட்டுக்கு வந்தது என்று சங்க இலக்கியத்தில் தேடினால் ஏமாற்றம்தான். 99 பூக்களை அடுக்கிச் சொல்லும் குறிஞ்சிப்பாட்டில் கனகாம்பரம் என்ற பெயர் இல்லை. கனகம் என்றால் பொன், அம்பரம் என்றால் ஆடை. பொன்னாடை என்று பொருள்படும் இந்த வடமொழிப் பெயரில்தான் இன்று நாம் அதை அழைக்கிறோம்.

ஆனால் வெளிநாட்டுப் புத்தகங்களில் அதற்குத் தேதியோடு வரலாறு இருக்கிறது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1759-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பூவின் வடிவத்தைப் பார்த்து 'புனல் போன்றது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லைச் சேர்த்தார். பிறகு 1805-ல் லண்டன் தோட்டங்களில் வளர்ந்த அரிய செடிகளைப் படம் போட்டு விளக்கிய ஒரு நூலில், சாலிஸ்பரி என்பவர் இந்தச் செடிக்கென்று 'கிராசாண்ட்ரா' என்ற தனிப் பேரினத்தை உருவாக்கினார். 1832-ல் ஜெர்மானியரான நீஸ் என்பவர் லின்னேயஸ் வைத்த பெயரையும் சாலிஸ்பரி வைத்த பெயரையும் இணைத்தார். இன்று வரை அதுதான் நிலைத்திருக்கிறது.

1805 என்று படித்ததும் எனக்குச் சட்டென்று உறைத்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாரும் மறக்காத வருடம் அது. தீரன் சின்னமலையை ஆங்கிலேயர் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்ட வருடம். இங்கே கயிற்றை முடிந்த அதே ஆண்டில், அங்கே லண்டனில் நம் காட்டுப் பூவுக்குப் படம் வரைந்து பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லைதான். ஆனாலும் அந்தக் காலத்தில் இங்கிருந்து கப்பலில் என்னென்ன போயிருக்கிறது என்று நினைத்துப் பார்க்க வைக்கிறது.

போன செடி அங்கே சும்மா இருக்கவில்லை. குளிர் நாடுகளில் அது கண்ணாடி வீட்டுச் செடியாகவும், பிறகு வீட்டுக்குள் வைக்கும் தொட்டிச் செடியாகவும் ஆனது. ஸ்வீடனில் 'மோனா வால்ஹெட்' என்ற குட்டையான தொட்டி ரகத்தையே உருவாக்கினார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பட்டாசுப் பூ என்று பெயர். காய்ந்த காயில் ஈரம் பட்டால் டப்பென்று வெடித்து விதையைத் தூர எறியும். சின்ன வயதில் அம்மாயி வீட்டில் நாங்கள் அந்தக் காயை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்துக் காத்திருப்போம். மழை வந்தால் காய் வெடிக்கும், ஈர மண்ணில் விதை விழும், தானாக முளைக்கும். பொடக்காளியில் யாரும் நடாத செடிகளின் ரகசியம் இதுதான்.

சரி, டெல்லி எங்கிருந்து வந்தது? டெல்லிக் கனகாம்பரம் என்பது இதே பூவின் ஒரு ரகம். நாட்டுச் செடியின் செல்லில் 40 குரோமோசோம்கள் இருக்கும், டெல்லி ரகத்தில் 30. மூன்று தொகுதிகளாக இருக்கும் அவை சரியாக ஜோடி சேர முடிவதில்லை. அதனால் விதை கட்டாது. குச்சியை வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்புப்படி, சாதாரண ரகம் ஒரு எக்டருக்கு வருடம் 2,000 கிலோ பூ தரும், டெல்லி 2,800 கிலோ தரும். 800 கிலோ அதிகம் என்றால் எந்த விவசாயி வேண்டாம் என்பார்? பரமத்தி வேலூர் பூ ஏலத்துக்குக் கொண்டுபோகிறவருக்கு எடைதானே காசு.

இப்போது நான் சொன்ன கணக்கு. கனகாம்பரம் எடையே இல்லாத பூ. ஒரு கிலோவுக்குச் சுமார் 15,000 பூ வேண்டும். அப்படியானால் 2,800 கிலோவுக்கு 4 கோடியே 20 லட்சம் பூக்கள்! இத்தனையும் ஒவ்வொன்றாகக் கையால் பறிக்க வேண்டும். கதிரில் கீழிருந்து மேலாகப் பூ விரிவதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே செடியிடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும். பறிக்கிறவர்களும் கட்டுகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். வாசனையே இல்லாத இந்தப் பூ ஏன் சில நாட்களில் விலை ஏறுகிறது என்று இனிமேல் யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மழைக்காலத்தில் பூ குறையும்போது முகூர்த்தமும் சேர்ந்து வந்தால் கேட்கவே வேண்டாம்.

டெல்லி ரகத்தை நான் குறை சொல்லவில்லை. அதனால் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனையோ. எனக்கு உறுத்துவது வேறு. குச்சியில் பெருகும் செடிகள் எல்லாம் ஒரே செடியின் நகல்கள். கனகாம்பரத்துக்கு வாடல் நோயும், வேரைத் தாக்கும் நூற்புழுவும் பெரிய எதிரிகள். ஒரு நகலால் தாங்க முடியாத நோயை மற்ற நகல்களாலும் தாங்க முடியாது. விதையில் முளைக்கும் நாட்டுச் செடிகள் ஒன்றுக்கொன்று கொஞ்சமாவது வேறுபடும். நோயைத் தாங்குகிற செடி ஒன்று எப்போதாவது கிடைக்கும் என்றால் அந்தக் கூட்டத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். அந்தக் கூட்டம் இருப்பது பெரிய தோட்டங்களில் அல்ல, காட்டிலும் நம் பாட்டிமார் வீட்டுப் பின்புறத்திலும்தான்.

போன லீவில் அம்மாயி வீட்டுக்குப் போனேன். பொடக்காளியில் பாதிக்குமேல் சிமெண்ட் போட்டுவிட்டார்கள். தொட்டியில் டெல்லிச் செடி இரண்டு நின்றது. "பழைய செடி எங்கீங்க அம்மாயி?" என்று கேட்டேன். "டெல்லிப் பூவு பெருசா இருக்குதுன்னு உங்க மாமன் வாங்கியாந்தான் கண்ணு. அதுல வெதையே கட்டாது. பழசு அந்த மூலைல ஒண்ணு கெடக்கும் பாரு" என்றார். தேடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வெயில் எட்டாத மூலையில், ஒரே ஒரு செடி. கதிரில் காய்ந்த காய்கள் நாலைந்து இருந்தன. அவற்றைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்துவிட்டேன். இந்த முறை எச்சில் தொட்டு வெடிக்கவில்லை!

உங்கள் வீட்டுப் பக்கம் விதை கட்டுகிற நாட்டுக் கனகாம்பரம் இருந்தால் பிடுங்கிப் போடாதீர்கள் நண்பர்களே. பெரிய செலவு ஒன்றும் கிடையாது. கொஞ்சம் நிழல், கொஞ்சம் ஈரம், சிமெண்ட் போடாமல் விட்ட ஒரு முழ மண் போதும். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

மீண்டும் அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.